மலைக் களைப்புக்குக் கடல் வைத்தியம்

ஆப்பிரிக்காவுக்குச் சிங்கம் பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கென்யாவின் மாசாய் மாராவில் விடியுமுன் எழுந்து, ஜீப்பில் எலும்பு குலுங்கி, புழுதி தின்று, தூரத்தில் தூங்கும் சிங்கத்தைப் பார்த்து முடித்ததும், இந்துமாக்கடல் ஓரமாக டியானியிலோ சான்சிபாரிலோ போய்க் கால் நீட்டிவிடுவார்கள். காட்டுக்கு முன் கடலா, காட்டுக்குப் பின் கடலா என்று புறப்படுமுன் வீட்டில் ஒரு பட்டிமன்றமும் நடக்கும். சிங்கம் பாட்டுக்குப் படுத்திருக்கிறது. பார்க்கப் போனவருக்குத்தான் ஓய்வு தேவைப்படுகிறது.

எங்களிடம் சிங்கம் இல்லை. கியா பார்ம் இருக்கிறது.

மலேசியத் தமிழருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பிரிஞ்சாங் பட்டணத்தைத் தாண்டியதும், 1,500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் காய்கறிச் சந்தை அது. சாலை ஒன்றே ஒன்று. போக ஒரு தடம், வர ஒரு தடம். இரண்டு பக்கமும் கடைகள். பள்ளி விடுமுறை வந்தால் கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று எல்லா ஊர்க் கார்களும் அந்த ஒற்றைச் சாலைக்கு வந்து சேரும். வந்தவர் அத்தனை பேருக்கும் அவித்த சோளக் கடைக்கு நேர் எதிரேதான் காரை நிறுத்த வேண்டும்.

சங்கப் புலவர்கள் ஐந்து திணைகளை ஐந்து நிலங்களில் பிரித்து வைத்தார்கள். கியா பார்ம் நமக்கு அந்த அலைச்சலைக் கொடுப்பதில்லை. நிலம் குறிஞ்சி, தினைக்குப் பதில் சோளம், தேனுக்குத் தேனே. குறிஞ்சிக்குரிய புணர்தலை முன் காரின் பம்பரும் பின் காரின் பம்பரும் பார்த்துக்கொள்ளும். முல்லைக்குரிய இருத்தல் என்பது இருந்த இடத்திலேயே இருத்தல். மருதத்துக்குரிய ஊடல் பக்கத்து இருக்கையில் நடக்கும்: "காலையில நாலு மணிக்கே கெளம்புவோம்னு சொன்னேனா இல்லையா?" பாலைக்குரிய பிரிவு, பணப்பைக்கும் பணத்துக்கும் இடையில். பாக்கி இருப்பது நெய்தல் ஒன்றுதான். அதற்குத்தான் கடல் தேவைப்படுகிறது.

கியா பார்மில் விற்காத பொருள் கிடையாது. ஸ்ட்ராபெரிப் பழம், ஸ்ட்ராபெரித் தலையணை, ஸ்ட்ராபெரித் தொப்பி, ஸ்ட்ராபெரிச் செருப்பு. இவற்றில் பழம் மட்டும்தான் புளிக்கும். என் மனைவி காய்கறிப் பக்கம் இறங்கினால் முட்டைக்கோஸ், முள்ளங்கி, சர்க்கரைவள்ளி என்று காரின் பின்பக்கம் நிறைந்து, பிள்ளைகள் மடியில் ஆளுக்கொரு கள்ளிச்செடித் தொட்டியும் ஏறிவிடும். இதே மலையின் கோஸ் ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் இறங்கி, செலாயாங் மொத்தச் சந்தைக்கும் அங்கிருந்து எங்கள் ஊர்ச் சந்தைக்கும் வந்துவிடுகிறது. கோஸ் கீழே இறங்கும் நேரத்தில் நாங்கள் அதை வாங்க மேலே ஏறிக்கொண்டிருக்கிறோம். இதை ஒருமுறை காரில் எடுத்துச் சொன்னேன். ஊடல் நீண்டது.

சபாரியும் உண்டு. தோட்டக்காரர்கள் காய்கறி ஏற்றிய பழைய லேண்ட் ரோவர்கள் இந்த மலையில் ஏராளம். அப்படி ஒன்றில் ஆட்களை ஏற்றி, 2,000 மீட்டருக்கு மேல் நிற்கும் பிரிஞ்சாங் மலைப் பக்கம் பாசிக் காட்டுக்குக் கூட்டிப் போவார்கள். மாசாய் மாராவில் குலுங்கும் அதே எலும்புகள் இங்கேயும் குலுங்கும். "புலி எங்கப்பா?" என்று சின்னவன் கேட்டான். வழிகாட்டி மிகுந்த பெருமையோடு ஒரு குடுவைச் செடியைக் காட்டினார். உள்ளே ஒரு கொசு செத்துக் கிடந்தது. எங்கள் சபாரியின் மாமிச பட்சிணி அதுதான்.

இத்தனைக்கும் இந்த மலை ஓய்வுக்கென்றே உருவாக்கப்பட்டது. நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் இந்தப் பக்கம் வந்தார். 1925இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்தபின்தான் இதை மலை வாசஸ்தலம் ஆக்கும் வேலை சூடு பிடித்தது. கீழே வெயில் தாங்காத துரைமார்களுக்குக் குளிர், கணப்படுப்பு, கோல்ப் மைதானம். 1929இல் ஜே. ஏ. ரஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். துரை ஓய்வெடுக்க மலை ஏறினார். நம் ஆட்கள் கூடையோடு ஏறினார்கள்.

இந்த மலையில் பூரண ஓய்வு கிடைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று, ஓய்வெடுக்க வந்த இடத்தில், பிற்பகலில் மற்றவர்கள் கண்ணயர்ந்த நேரம் பங்களாவை விட்டு வெளியே போனார். காட்டையே சலித்துத் தேடினார்கள்; இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது போயிருந்தால் கியா பார்ம் ஜாமில் சிக்கியிருப்பார், சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்திருக்கலாம்.

என் பாட்டி இதே மலையின் ரிங்லெட் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். அவரையும் கூட்டிப் போயிருந்தோம். தேயிலைச் சரிவைப் பார்த்தபடி தேநீர் குடிக்கும் ஒரு கடையில் எல்லாரும் நாற்காலி பிடித்தோம். பாட்டி மட்டும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சரிவையே பார்த்தார். கீழே ஒருவர் இயந்திரத்தால் இலை வெட்டிக்கொண்டிருந்தார். "ரெண்டு எலை ஒரு கொழுந்துன்னு எங்கள உசுர எடுத்தானுங்க. இவன் என்னா, முடி வெட்டுறான்!" என்றார். உட்காருங்கள் என்று நாங்கள் கெஞ்ச, அவர் சொன்னார்: "இந்தப் பச்சையப் பாத்துக்கிட்டு உக்காந்தா முதுகு கூசுதுடா. கிராணி பேரைக் குறிச்சிடுவான்." கிராணி என்றால் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. பாட்டி தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆயிற்று. பெரட்டில், அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்பில், நின்ற கால்கள் இன்னும் நின்றுகொண்டே இருக்கின்றன.

மறுநாள் கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய் இறங்கி, ஈப்போவை ஒதுக்கி, லூமுட் போய்ப் படகு பிடித்தோம். கொஞ்ச நேரத்தில் பங்கோர் தீவு. வெள்ளைக்காரன் வரிசை வேறு: 1874இல் இந்தப் பங்கோர் பக்கம் கப்பலில் வைத்து ஒப்பந்தம் போட்டுப் பேராக்கில் கால் ஊன்றி, பதினோராம் ஆண்டு மலைக்கு ஏறினான். முதலில் கடல், பிறகு மலை. அவனுக்கு நாடு பிடிக்கிற அவசரம். நமக்கு இடுப்புப் பிடிப்பு.

பங்கோரில் பார்க்க அதிகம் இல்லை என்பதுதான் பங்கோரின் சிறப்பு. இளஞ்சிவப்பு வாடகை வேன்கள். 1670இல் டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் சுவர்கள். ஒரு புகைப்படத்தோடு முடிந்துவிடும். கடலைப் பார்த்தபடி பத்திரகாளி அம்மன் கோவில். மாசி மகத்துக்குக் கூட்டம் அலைமோதும், மற்ற நாளில் அம்மனுக்கே ஓய்வு. தெலுக் நிப்பாவில் சாயங்காலம் இருவாச்சிப் பறவைகள் தாமாகவே வந்து நம்மைப் பார்த்துவிட்டுப் போகும். லேண்ட் ரோவர் தேவையில்லை. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தீவுக்கு வரிவிலக்கு. என் மாமாவுக்குத் திருமண நாள் மறந்துபோகும். இந்தத் தேதி மறக்காது. மனைவி இங்கேயும் நெத்திலிக் கருவாடு வாங்கினார். நெய்தலுக்குரிய இரங்கலை நான் வங்கிக் கணக்கைப் பார்த்து நடத்தி முடித்தேன்.

பாட்டி பாசிர் போகாக் மணலில் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். காலையும் நீட்டிக்கொண்டார். இளநீர் கேட்டார். சாப்பிட எழுப்பியபோது, "இங்க யாரு குறிக்கப் போறா?" என்றார்.

எனக்கு விஷயம் அப்போதுதான் பிடிபட்டது. மலையில் பார்க்க வேண்டியவை ஒரு பட்டியல், வாங்க வேண்டியவை இன்னொன்று. இரண்டையும் முடிக்காமல் இறங்கினால் ஊரில் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். பாட்டிக்குக் கிராணி, நமக்கு அந்தப் பட்டியல். கடலில் பட்டியல் கிடையாது. ஒரே பார்வையில் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. மூட்டை கட்டிக் கொண்டுவரவும் முடியாது.

ஆகவே கேமரன் மலைக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு என் தீர்ப்பு இதுதான்: மலை முதலில், கடல் பின்னால். பள்ளி விடுமுறையும் வார இறுதியும் வேண்டாம். செவ்வாய், புதனில் ஏறுங்கள். சோளம் அங்கே தின்னுங்கள், கோஸை உங்கள் ஊர்ச் சந்தையில் வாங்குங்கள். வீட்டில் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர் யாரேனும் இருந்தால், மலையை ஒரு நாளோடு முடித்துக்கொண்டு, மிச்ச நாள் எல்லாவற்றையும் கடற்கரைக்கு எழுதி வையுங்கள்.