குரங்கு வச்ச அடகுக்கடை

ஏன் தம்பி, பாலித் தீவுக்குப் போய்ட்டு வந்தியாமே! கறுத்துப்போய் வந்திருக்கே. மூக்குக்கண்ணாடி எங்கே? குரங்கு புடுங்கிக்கிச்சா? இதுக்குத்தான் பாஸ்போர்ட்டு எடுத்தியா?

ஊலுவாத்து கோயில் குரங்குதானே, நானும் கேள்விப்பட்டிருக்கேன். ஆராய்ச்சிக்காரவுங்க மாசக்கணக்கா உக்காந்து பார்த்து, 2021ல எழுதியே வச்சிருக்காங்க. சில்லறைச் சாமான புடுங்கினா, கெடச்ச தீனியை வாங்கிக்கிட்டுக் குடுத்துடுமாம். செல்போனு, கண்ணாடின்னா லேசுல எறங்கி வராது. நல்ல தீனியா, கூடுதலா கேக்கும். அடகுக்கடைக்காரன் நகையை உரசிப் பார்க்குறாப்புல பார்க்கும்னு வையேன். இதுல வளந்த குரங்குங்கதான் கெட்டி, குட்டிக்கு வெலை தெரியாது. சரி, இந்தத் தொழிலை யாரு கத்துக் குடுத்தா? மொதல்ல பழத்தை நீட்டுன பயதான். காட்டுல எந்தக் குரங்குக்காவது கிட்டப்பார்வை உண்டா?

இன்னொருத்தன் அந்தமான் போனவன். அங்க ராஜன்னு ஒரு யானை இருந்துச்சு. மரம் இழுக்கக் கொண்டுபோனது. மரம் வெட்டுறது நின்னுச்சு, அத சும்மா இருக்க விட்டோமா? கடல்ல நீந்த விட்டு, கூட நீந்தக் காசு வாங்குனாங்க. பாவம், 2016ல போய்ச் சேந்துச்சு.

நம்மூரு வேளாங்கண்ணிக்கு வந்தா மட்டும் என்ன செய்யிறீங்க? மாதாவைக் கும்புட்டு, மொட்டை போட்டு, கடக்கரையில வறுத்த மீனைத் தின்னுட்டு பஸ் ஏறிடுறீங்க. தெக்கால கோடிக்கரைன்னு ஒண்ணு கெடக்கே, தெரியுமா? 1967லேந்து அது சரணாலயம். வெளிமானு கூட்டங்கூட்டமா மேயும். ஆணுக்கு முதுகு கறுப்பு, கொம்பு முறுக்கு. எப்பவோ யாரோ அவுத்து விட்ட குதிரைங்களோட வம்சம் வேற, மானுக்குள்ள புல்லை மேஞ்சுக்கிட்டுக் காடு பூரா சுத்துது. மார்கழி, தையில தண்ணியில பூநாரை நிக்கும். 'கிட்டக்க வரமாட்டேங்குதே தாத்தா'ங்குறே. அது ஏன் வரணும்? ஒனக்கும் அதுக்கும் என்னா கொடுக்கல் வாங்கல்?

அங்கயும் குரங்கு உண்டு. பிஸ்கட்ட நீட்டிடாதே. நாளைக்கு அதுவும் கடையத் தொறந்துடும்.

ராத்திரிக் கூத்து தனி. தை, மாசியில நம்ம கடக்கரைக்குப் பங்குனி ஆமை முட்டை போட வரும். ஒரு குழியில நூறு முட்டை கெடக்கும். வனத்துறை ஆளுங்க தூக்கம் முழிச்சு அத எடுத்துட்டுப் போயி, பொரிப்பகத்துல பொதைச்சு வைக்கிறாங்க. ஏழு வாரம் போல ஆனதும் குஞ்சு மண்ணைத் தள்ளிக்கிட்டு வரும். வந்ததும் வெளிச்சம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நடக்கும். இருட்டுல கடலுதான் வெளிச்சம், அது கணக்கு தப்பாது. இப்ப லாட்ஜு லைட்டு ஒருபக்கம், ஒன் செல்போன் டார்ச்சு ஒருபக்கம். அது ரோட்டைப் பார்த்து நடக்குது. நாய் இழுக்கும், வண்டி ஏறும். பொறந்த புள்ளைக்கு வழியக் கெடுத்துட்டு, 'இயற்கையோடு நான்'னு படம் வேற போடுறே. இயற்கையோட நீ சரி, ஒன்னோட இயற்கை என்னா பாடு படுதுன்னு யாரு படம் புடிக்கிறது?

தையில வா தம்பி. வேதாரண்யத்துல எறங்கி கோடிக்கரை பஸ்ஸப் புடி. தொலைநோக்கி இருந்தா எடுத்துக்க, தீனிப் பொட்டலம் வேணாம். வனத்துறை ஆளு நில்லுன்னா நில்லு, லைட்ட அணைன்னா அணை.