குளத்திலை எத்தினை அடி நிக்குது, மருமோன்?

மருமோன், நீர் அனுப்பின வட்சப் கிடைச்சுது. "மாமா, சரியான ஸ்ட்ரெஸ். வாழ்க்கையைச் சிம்பிள் ஆக்கப் போறன். கொஞ்ச நாள் உங்களோடை வந்து நிக்கட்டே?" எண்டு கேட்டிருக்கிறீர். வாரும், ஆர் வேண்டாமெண்டது. ஆனா வாறதுக்கு முன்னம் ஒரு விசயம். நீர் எளிமையைத் தேடி வவுனியாவிலை இருந்து முரசுமோட்டைக்கு வாறீர். இஞ்சை இருக்கிற சனம் அதைத் தொலைச்சுப்போட்டு, உம்மட ரவுணிலை லீசிங் கந்தோர் வாசலிலை தேடிக்கொண்டு நிக்குது. ரெண்டு பகுதியும் ஓமந்தையிலை முட்டுப்படாமல் இருந்தால் சரி.

ஸ்ட்ரெஸைக் குறைக்கிறதுக்கு நீர் வாங்கின சாமான்களை உம்மட மனுசி போனிலை சொன்னவள். நித்திரையை அளக்கிற மணிக்கூடு. மூச்சு விடச் சொல்லித் தாற அப். யோகாப் பாய். மணக்கிற மெழுகுதிரி. பிறகு, வீட்டிலை சாமானை எப்பிடிக் குறைக்கிறது எண்டு ரெண்டு புத்தகம், அதுகளை வைக்க ஒரு ராக்கை. நான் எட்டாம் வகுப்போடை நிண்டவன்தான். எண்டாலும் கழித்தல் கணக்கை ஒருத்தர் கூட்டிக் கூட்டிச் செய்யிறதை இப்பதான் காணுறன்.

எளிமையைப் பற்றி வன்னிச் சனத்துக்கு வகுப்பு எடுக்க வெளிக்கிட்டிடாதேயும். தொண்ணூறுகளிலை அரசாங்கமே எங்களுக்கு அந்தப் பாடத்தைச் சும்மா படிப்பிச்சது. பற்றரி தடை, சீமெந்து தடை, பசளை தடை, பெற்றோல் தடை. சவுக்காரம் வந்தால் அண்டைக்குப் பெருநாள். பனம்பழத்தைப் பிழிஞ்சு சாறம் தோய்ச்சம். சீனி இல்லாத பிளேன்ரீக்குப் பனங்கட்டியைக் கடிச்சம். மோட்டச்சைக்கிளை ரெண்டு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் ஆக்கிப்போட்டு, மிச்சத் தூரம் மண்ணெண்ணெயிலை ஓடினம். 2022 இலை கியூஆர் கோட்டைக் காட்டினால் மோட்டச்சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் எண்டு அறிவிக்க நாடு முழுக்கக் குழறினது. நாலு லீற்றரோ! நான் திண்ணையிலை இருந்து சிரிச்ச சிரிப்பிலை கோழி கலைஞ்சு போச்சு.

ஜாம் போத்தல் விளக்கு உமக்கு ஞாபகம் இராது, அப்ப உமக்குப் பால்பல்லு. போத்தலுக்கு அடியிலை கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனையிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். அதுக்கு மேலை ஒரு சொட்டு விட்டாலும் கொம்மம்மா கையைப் பிடிப்பா. பழைய சைக்கிள் ரியூப்பிலை கழட்டின வால்வுக்குள்ளாலை நூல்திரியைக் கோத்து, கம்பியிலை கொழுவி, திரி பஞ்சிலை முட்டுற மாதிரி இறக்க வேணும். சின்னிவிரல் நுனியளவு சுவாலை வரும். போத்தல் காத்தை மறிக்கும், எண்ணெய் கனநேரம் நிக்கும். அதைச் சுத்திவரக் குந்தியிருந்துதான் உம்மட சகோதரங்கள் படிச்சவை. விடிய மூக்கைச் சீறினால் கரி.

போன வருசம் நீர் எங்கையோ றிசோட் ஒண்டுக்குப் போய், ஓலைக் கொட்டிலுக்கை இருந்து படம் போட்டனீர். தலைக்கு மேலை ஜாம் போத்தல் தொங்குது, உள்ளுக்கை பல்ப் எரியுது. ஒரு ராவுக்கு என்ன காசு எண்டு கேட்டன், சொன்னீர், அண்டைக்கு எனக்குப் பிறசர் ஏறினது. உதே கொட்டிலிலை நாங்கள் வருசக்கணக்காய் இருந்தனாங்கள் மருமோன். வாடகை கேட்டு ஒருத்தரும் வரேல்லை. குண்டு போடுற கிபிர் பிளேன்தான் வந்தது.

அதாலைதான், இல்லாமல் கிடந்ததை எளிமை எண்டு ஆரும் புகழ்ந்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அப்பிடிச் சொல்லுறவரிட்டை ஒரு பனம்பழத்தையும் என்ரை வயல் சாறத்தையும் குடுத்துத் தோய்க்கச் சொல்ல வேணும். கிடைக்காததை விடுறதுக்கு என்ன கெட்டித்தனம் வேண்டியிருக்கு? வாசலிலை கொண்டு வந்து நீட்டேக்கை வேண்டாம் எண்டுறது வேறை பாடம். அதிலை வன்னி முழுக்கப் பெயில்.

ஒண்டை மட்டும் ஒத்துக்கொள்ளுறன். அந்த நாளையிலை செய்தி கேக்கிறதெண்டால் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, ஒருத்தர் பெடலைக் கையாலை சுத்த வேணும். டைனமோவிலை இருந்து ரேடியோவுக்குக் கரண்ட். பிபிசி தமிழோசை முடியுமட்டும் சுத்துவினம், முடிஞ்சால் கை நோகுது எண்டு விட்டிடுவினம். செய்தியும் அவ்வளவுதான், பேந்து படுக்கை. கிபிர் சுத்தின காலத்திலை எங்களுக்கு ஒரு நாளைக்கு அரை மணித்தியாலச் செய்தி போதுமாயிருந்தது. கிபிர் இல்லாத காலத்திலை நீர் ராவு ஒரு மணிக்கும் போனைத் தடவுறீர். உமக்கு அந்த நித்திரை மணிக்கூடு தேவையில்லை. போன் சார்ஜ் போட ஒரு சைக்கிளும் டைனமோவும் அனுப்பிவிடுறன்.

பிறகு 2009. அதைப் பற்றி இந்தக் கடிதத்திலை நான் பகிடி விடமாட்டன். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலை தறப்பாளுக்கை கிடந்து, ஒருமாதிரி ஊருக்கு வந்து சேந்தம். வந்து பாத்தால் ஏ-9 காப்பெற் ரோட்டு, ரெண்டு பக்கமும் பைனான்ஸ் கந்தோர். கூரை இல்லாத வீட்டு வாசலிலை புது மோட்டச்சைக்கிள் நிண்டது. கிணறு இறைக்க வழியில்லை, தொலைக்காட்சி கட்டுக்காசிலை வந்தது. பொம்பிளையளைக் குழுவாய்ச் சேத்து ஒருத்திக்கு ஒருத்தி பிணை எண்டு கடன் குடுத்தாங்கள். கிழமைக்குக் கிழமை படலையடியிலை ஆள். லோன்காரன்ரை சத்தம் கேட்டால் சனம் பின்பக்கத்தாலை போய்க் கோடிக்கை நிக்கும். கடைசியிலை 2018 இலை அரசாங்கம் வறட்சி அடிச்ச 12 மாவட்டங்களிலை பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாய் வரையான சிறுகடன்களைத் தள்ளுபடி செய்யிறதெண்டு முடிவெடுத்தது. அதோடை வட்டிக்கும் ஒரு உச்சவரம்பு: 35 வீதம். எங்களுக்குத் தந்த நிவாரணம் எண்டால் இதுதான், மருமோன். 35 வீத வட்டியோடை வந்த நிவாரணத்தை உலகத்திலை வேறை எங்கையும் கேள்விப்பட்டனீரோ?

கடன் ஒரு பக்கத்தாலை வர, மறுபக்கத்தாலை செயலமர்வு வந்தது. மன அழுத்தத்தைக் கையாளுறது எப்பிடி எண்டு பொதுநோக்கு மண்டபத்திலை ஒரு நாள் முழுக்க. பெரிய வெள்ளைக் கடதாசியும் கலர்ப் பேனையும் தந்து எங்கட வாழ்க்கையை ஒரு ஆறாய்க் கீறச் சொன்னாங்கள். பக்கத்திலை இருந்த கிழவி ஒரு முதலையையும் கீறிப்போட்டு, "இதுதான் பைனான்ஸ்" எண்டாள். பத்து மணிக்கு ரோல்ஸ், மத்தியானம் சோத்துப் பாசல், பின்னேரம் குழுப்படம். அண்டைக்கு உண்மையிலை மனம் கொஞ்சம் லேசாத்தான் இருந்தது. மண்டபத்துக்கை லோன்காரன் வரேலாது பாரும். (இன்னொண்டு. நித்திரை இல்லாமல் உடம்பு நடுங்கிறவன், உயிர் வெறுத்தவன் ஆஸ்பத்திரியிலை மனநல டொக்டரிட்டைப் போக வேணும். அதிலை வெக்கமும் இல்லை, என்ரை பகிடியும் இல்லை. உமக்கு அது இல்லை. உமக்கு இருக்கிறது கணக்கு வருத்தம்.)

சரி, கணக்குக்கு வருவம். இரணைமடு, கனகராயன் ஆத்தை மறிச்சு வெள்ளைக்காரன் 1902 இலை கட்டத் தொடங்கின குளம். பிறகு பிறகு கட்டை உயர்த்தி உயர்த்தி, 2018 இலை திருத்தி முடிக்கேக்கை 36 அடி. இருவதாயிரம் ஏக்கருக்கு மேலை வயல் அதைப் பாத்துக்கொண்டு கிடக்கு. காலபோகத்திலை மேலாலையும் மழை பெய்யும், பெரிய யோசினை இல்லை. சிறுபோகம் அப்பிடியில்லை. வெயில் தொடங்க முதல் கூட்டம் வைப்பினம். அரசாங்க அதிபர் தலைமையிலை நீர்ப்பாசன இஞ்சினியர், கமநல சேவைகாரர், கமக்காரர் அமைப்புத் தலைவர்மார் எல்லாரும் இருப்பினம். முதல் கேள்வி, எத்தினை அடி நிக்குது? அதிலை வெயில் குடிக்கிறதைக் கழி. வாய்க்காலிலை ஊறிப்போறதைக் கழி. மாட்டுக்கும் மீனுக்கும் அடியிலை நிக்க வேண்டியதைக் கழி. மிச்சத் தண்ணி எத்தினை ஏக்கருக்குக் காணுமோ அத்தினை ஏக்கர்தான் விதைப்பு. அஞ்சு ஏக்கர்க்காரனுக்கும் தண்ணி குறைஞ்ச வருசத்திலை ஒரு பங்குதான், மிச்சக் காணி தரிசு. மூண்டு மாத நெல்லோ மூண்டரை மாத நெல்லோ, எந்தத் திகதிக்குள்ளை விதைச்சு முடிக்கிறது, எந்தத் திகதியிலை வாய்க்காலைப் பூட்டுறது, எல்லாம் அண்டைக்கே தீர்மானம். கத்துவினம், கதிரை இழுபடும், ஒருத்தர் வெளிநடப்பும் செய்வார். எண்டாலும் அண்டைக்குக் கத்தினால், பேந்து நாலு மாதம் அதைப் பற்றி மண்டையை உடைக்கத் தேவையில்லை.

நீர் எப்பவாவது அப்பிடி ஒரு கூட்டம் வைச்சனீரோ? உம்மட குளத்திலை நிக்கிறது ஒரு சம்பளம், ஒரு நாளைக்கு 24 மணித்தியாலம். விதைச்சிருக்கிறது என்ன? கார் லீசிங், வீட்டுக்கடன், கிரெடிட் காட் கடன், பிள்ளைக்கு அஞ்சு பாடத்துக்கு ஆறு ரியூசன், பழைய மாணவர் சங்கத்திலை பொருளாளர், கோயில் பரிபாலன சபையிலை உபசெயலாளர், ஏதோ ஒரு விளையாட்டுக் கழகத்திலை போசகராம். கடைசியாய் எப்ப பந்தைத் தொட்டனீர்? வெயில் குடிக்கிறதை நீர் கழிக்கவேயில்லை. ராவிலை போன் குடிக்கிற மூண்டு மணித்தியாலம்தான் அது. மாட்டுக்கு விடுற அடித்தண்ணியும் இல்லை. ஒரு வேலையும் இல்லாமல் வேப்பமரத்துக்குக் கீழை சும்மா இருக்கிற அரை மணித்தியாலத்தையும் நீர் யோகாவுக்கு விதைச்சுப்போட்டீர்.

கூட்டத் தீர்மானத்தை மீறி விதைக்கிறவன் எங்கடை பக்கமும் இருக்கிறான். அவன் ராவிலை வாய்க்காலுக்கை களவாய்ப் பம் வைப்பான். பயிர் பச்சையாத்தான் நிக்கும், ஆனா அந்தப் போகம் முடியுமட்டும் அவனுக்கு நித்திரை இல்லை. நாய் குரைச்சாலும் எழும்புவான். நீர் போன மாசம் ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தனீராம். பம் சத்தம் எனக்கு இஞ்சை கேக்குது.

எளிமையாய் வாழ்ந்த மனிசரைப் பாக்க வேணுமெண்டால் வெளிநாட்டுப் புத்தகம் தேவையில்லை. டேவிட் ஐயா எண்டு ஒருத்தர் இருந்தவர். கட்டடக் கலைஞர், கென்யாவிலை உழைச்ச மனிசன். அந்தக் காசைக் கொண்டு வந்து காந்தீயம் எண்ட அமைப்பிலை போட்டார். வவுனியாவிலை டொக்டர் இராஜசுந்தரத்தோடை சேந்து, கலவரத்திலை அடிபட்டு வந்த மலையகச் சனத்தை வன்னிக் காணியளிலை குடியிருத்தினார். 1983 இலை ரெண்டு பேரையும் பிடிச்சு அடைச்சாங்கள். அந்த ஆடியிலை வெலிக்கடைச் சிறையிலை டொக்டரைக் கொன்றுபோட்டாங்கள். டேவிட் ஐயா தப்பி, கனகாலம் தமிழ்நாட்டிலை ஒரு சின்ன அறையிலை இருந்து, கடைசியிலை கிளிநொச்சிக்கு வந்து 2015 இலை கண்ணை மூடினார். மனநிம்மதி தேடி எளிமையாய் இருந்த ஆளில்லை அவர். எந்த ஏக்கரை விதைக்கிறதெண்டு முதல்லையே தீர்மானிச்சிட்டார். மிச்சக் காணி தரிசாய்க் கிடக்குதெண்டு கவலைப்பட அவருக்கு நேரம் இருக்கேல்லை. நீர் அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. போசகர் பதவியை மட்டும் விட்டாலே எனக்குக் காணும்.

இன்னொரு விசயம், உம்மட மகளின்ரை சாமத்திய வீடு. மண்டபம் புக் பண்ணியாச்சாம், மேலாலை பறந்து படமெடுக்க ட்ரோன் வருதாம். எங்கட அப்பு காலத்திலை சூடு மிதிக்கிற களத்திலை சாதாரணப் பேச்சுப் பேசக்கூடாது, அதுக்கெண்டு வேறை சொல்லுகள். எவ்வளவு நெல்லெண்டு பூதம் கேட்டால் கொண்டு போயிடும் எண்டு பயம். 1895 இலை வன்னியைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதின லூயிஸ் துரை அந்தக் களத்துப் பேச்சுகளைத் தேடித் தேடிக் குறிச்சவர். இப்ப நீங்கள் விளைஞ்சது விளையாதது எல்லாத்தையும் பேஸ்புக்கிலை போட்டுப் பூதத்தை ராக் பண்ணியும் விடுறியள். முற்றத்திலை பந்தல் போடும். சனத்துக்கு வயிறு நிறையச் சோறு குடும். படம் எடுக்க என்ரை பேரனிட்டைப் போன் இருக்கு, அவன் கேக்கிறது ஒரு ஐஸ்கிறீம்தான்.

அப்ப வாரும். ஆனா தனிய வராமல் மனுசியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாரும், கூட்டத்தை எங்கட விறாந்தையிலை வைப்பம். தலைமை உம்மட மனுசி, ஏனெண்டால் குளத்திலை எத்தினை அடி நிக்குதெண்டு அவளுக்குத்தான் தெரியும். உமக்குக் கமக்காரர் அமைப்பிலை இடம் தாறன், விரும்பினால் கத்தலாம். வங்கிக் கொப்பி, லீசிங் கடதாசி, சாமத்திய வீட்டு மதிப்பீடு எல்லாம் வேணும். மணக்கிற மெழுகுதிரியையும் எடுத்துக்கொண்டு வாரும், இஞ்சை நுளம்பு கூட. அந்த மணத்துக்கு நுளம்பு கலையுதோ எண்டு பாப்பம். அதுக்கிடையிலை லீசிங்காரர் காரைத் தூக்கிப்போட்டாங்களெண்டால் யோசிக்காதேயும். வவுனியாவிலை யாழ்ப்பாணம் பஸ் ஏறி, பரந்தன் சந்தியிலை இறங்கி, முல்லைத்தீவு பஸ் பிடிக்கலாம். சீற் கிடைக்காது, மனுசிக்குக் கேட்டுப் பாரும்.