மலைக்குப் பட்டா உண்டா?

திருவண்ணாமலையில் எந்த வீட்டு புரோக்கரும் சதுர அடியில் பேச்சை ஆரம்பிப்பதில்லை. "மலை தெரியும் சார்" என்றுதான் ஆரம்பிப்பார். 2,668 அடி உயரம், சுற்றிவர 14 கிலோமீட்டர். அது தெரியாமல் இருந்தால்தான் அதிசயம். ஆனாலும் ஹாலிலிருந்து தெரிந்தால் ஒரு விலை, மொட்டைமாடியிலிருந்து தெரிந்தால் ஒரு விலை. எங்களுக்குக் காட்டிய வீட்டில் பாத்ரூம் ஜன்னலிலிருந்து தெரிந்தது.

"குளிச்சுக்கிட்டே தரிசனம் சார். யாருக்குக் கிடைக்கும் இந்தக் கொடுப்பினை?"

பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏறிப் பார்த்தேன். உச்சி மட்டும் தெரிந்தது.

"உச்சிதானே சார் முக்கியம்! தீபம் அங்கதானே ஏத்துறாங்க?"

அடுத்து வாஸ்து. இந்த வகையில் என் மனைவிக்கு நம்பிக்கை அதிகம், எனக்குச் செலவு அதிகம். வடக்கு தாழ்ந்தும் தெற்கு உயர்ந்தும் இருக்க வேண்டுமாம். நாங்கள் பார்த்ததோ செங்கம் சாலைப் பக்கம், மலைக்குத் தெற்கே. வடக்கை அடைத்துக்கொண்டு அண்ணாமலையாரே நிற்கிறார். வாஸ்துக்காரர் காம்பஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வடக்குல இவ்ளோ பாரம் இருந்தா காசு தங்காதும்மா" என்றார். பரிகாரம் உண்டா என்று கேட்டாள் மனைவி. மலையைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம்.

ரமணாசிரமமும் இதே தெற்குப் பக்கம்தான். 1896இல் வீட்டைத் துறந்து இந்த ஊருக்கு வந்தவர் ரமணர். குகைகளில் பல வருஷம் இருந்தார். அவரைத் தேடி உலகமெங்குமிருந்து துறவு மனப்பான்மையோடு வந்தவர்கள் எல்லாரும், துறப்பதற்கு முன் அட்டாச்டு பாத்ரூமோடு ஒரு வீடு கேட்டார்கள். விலை ஏறிவிட்டது. பத்திரம் ரமணரையும் விடவில்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல். ஆசிரமத்துக்காக 1938இல் அவர் பெயரில் ஓர் உயில் எழுத வேண்டி வந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்தார். இன்றைக்கு நாம் கோடு இழுத்தால் சார்பதிவாளர் சும்மா விடமாட்டார். ஆதார், கைரேகை, போட்டோ எல்லாம் வேண்டும். போதாததற்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு என்று 2025 ஏப்ரலில் சலுகை வந்ததும் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். 10 லட்சத்துக்குள் இருந்தால்தான் என்றார் பத்திரம் எழுதுபவர். அந்த விலைக்கு இங்கே மலையின் நிழல்கூடப் பாதிதான் கிடைக்கும்.

மூலப்பத்திரம் சரி. 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தோம், சுத்தம். பட்டாவில் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு எல்லாம் இருந்தன. நாங்கள் எதற்காகக் கூடுதல் காசு கொடுக்கிறோமோ அந்த மலை மட்டும் ஒரு காகிதத்திலும் இல்லை.

"எதிர்மனைக்காரர் மூணு மாடி கட்டினா?" என்று கேட்டேன்.

"கட்டமாட்டார் சார். அவர் சாமியார்."

மறுவாரம் புரோக்கரே போன் செய்தார். சாமியார் மனையை விற்கப் போகிறாராம். வாங்க வந்தவருக்கு மூன்று மாடி கட்டும் எண்ணம்.

"அப்போ எங்களுக்கு மலை?"

"அதுக்குத்தான் சார் போன் பண்ணேன். அந்த மனையையும் நீங்களே வாங்கிடுங்க. பேசி முடிச்சித் தரேன்."