லிபரோவுக்கு ஒரு சீட்

பிளஸ் டூ முடித்த பிள்ளையை எங்கே சேர்க்கலாம் என்று கேட்டால், டீக்கடையில் நிற்கிற முன்பின் தெரியாத ஆள்கூட யோசனை சொல்வார். பிள்ளை விளையாட்டில் கெட்டி என்று ஒரு வார்த்தை சேர்த்துப் பாருங்கள். "அப்படியா, நல்லது" என்று கிளாஸை வைத்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார்.

என் அக்கா மகள் வாலிபால் ஆடுகிறவள். அதிலும் லிபரோ. மற்றவர்கள் எல்லாம் ஒரே நிறச் சட்டையில் நிற்க, வேறு நிறச் சட்டையில் ஒருத்தி பின்வரிசையில் விழுந்து புரண்டு பந்தை எடுத்துக்கொண்டிருப்பாளே, அவள்தான். 1998இல் சர்வதேச வாலிபால் சம்மேளனம் கொண்டுவந்த ஏற்பாடு இது. லிபரோ சர்வீஸ் போடக் கூடாது. பிளாக்குக்கு எழும்பக் கூடாது. வலைக்கு மேலே இருக்கும் பந்தை எதிர்ப்பக்கம் அடிக்கக் கூடாது. "எதையுமே செய்யக் கூடாதுன்னா அவளுக்கு எதுக்குத் தனிச் சட்டை?" என்று கேட்டார் என் மச்சான். கல்லூரி தேடும் பொறுப்பு அப்போதே என் தலையில் விழுந்துவிட்டது.

மச்சானுக்கு இன்ஜினியரிங் ஆசை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தார். அக்காவுக்கு டாக்டர் ஆசை. எம்.பி.பி.எஸ்.ஸில் விளையாட்டு ஒதுக்கீடு, மாநிலம் முழுவதற்கும், அத்தனை விளையாட்டுகளுக்கும் சேர்த்து 7 இடங்கள். வலைக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஆறு பேரும், வெளியே உட்கார்ந்திருக்கிற ஒருத்தியும் சேர்ந்தால் தீர்ந்தது. நீட் வேறு எழுத வேண்டும். "அப்ப பல் டாக்டருக்கு?" என்றாள் அக்கா. "1" என்றேன். மருத்துவத் துறை அன்று தப்பித்தது. பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேட்கலாமே என்றேன். "அவளுக்கு என்ன தெரியும்?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அந்த வீட்டில் அவர்கள் ஒத்துப்போய் நான் கேட்ட ஒரே வாக்கியம் அது.

விவரம் தெரிந்தவர் பள்ளியின் பி.டி. சார்தான். சான்றிதழ்களைத் தரையில் பரப்பி இனம் பிரித்தார். குறுவட்டப் போட்டி ஒரு பக்கம். குடியரசு தினப் போட்டிகளில் மாவட்டம் ஒரு பக்கம், மாநிலம் ஒரு பக்கம். முதலமைச்சர் கோப்பை தனியே. "குறுவட்டம் எல்லாம் ஷோகேஸுக்கு சார். மேல போகப் போகத்தான் மதிப்பு. ஜெயிச்சதுக்கு ஒரு மார்க்கு, கலந்துக்கிட்டதுக்கு ஒரு மார்க்கு. அதுக்குன்னு இருக்கிற ஃபார்ம்ல கையெழுத்து வாங்கணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "லேமினேஷன் மட்டும் போட்டுடாதீங்க" என்றார். அவர் கையில் அப்போது இருந்தது பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. அக்கா ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தாள்.

பரீட்சை முடிந்த கையோடு கல்லூரிகளில் செலக்‌ஷன் ஆரம்பமாகிவிடும். விடிந்தும் விடியாத நேரத்தில் மைதானத்துக்குப் போய் நின்றால், பந்தைத் தொடுவதற்கு முன்பே முதல் கேள்வி வரும்: "ஹைட் என்ன?" மகளிர் வலையின் உயரம் 2.24 மீட்டர். அதற்கு மேலே கை போகவேண்டிய வேலையே லிபரோவுக்குக் கிடையாது. ஆனாலும் உயரமான பிள்ளையைப் பார்த்தால்தான் கோச்சுகளுக்குக் கண் குளிர்கிறது. ஒருவர் என்னையும் ஏற இறங்கப் பார்த்தார். பரம்பரையைச் சோதிக்கிறார் என்று புரிந்தது. தாய்மாமனின் ஐந்தடி மூன்றங்குலத்தால் பிள்ளையின் எதிர்காலம் கெட வேண்டாம் என்று, அதன் பிறகு எந்த மைதானத்திலும் நான் கேலரியின் மேல்படியில்தான் நிற்பது.

செலக்‌ஷன் தாண்டினால் அடுத்தது "எல்லாம் ஃப்ரீ." ஒரு கல்லூரியில் இப்படித்தான் சொன்னார்கள்.

"ஹாஸ்டலும் ஃப்ரீயா சார்?"

"ரூம் ஃப்ரீ. மெஸ் தனி."

"பரீட்சை ஃபீஸ்?"

"அது யுனிவர்சிட்டி ஃபீஸ் சார். நாங்க என்ன பண்ண முடியும்?"

"முட்டை?"

"மேட்ச் இருந்தா."

மேலும் விசாரித்ததில், சும்மா கிடைத்தது டியூஷன் ஃபீஸும், மைதானத்து வேப்பமர நிழலும்தான். அதற்குள் நான் தேறிவிட்டேன். எங்கே போனாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவேன். இரண்டாம் ஆண்டில் முட்டி போய்விட்டால் சலுகை இருக்குமா, போகுமா? டோர்னமென்ட்டுக்குப் போகும் நாட்களுக்கு ஓ.டி. தருவீர்களா, இல்லை 75 சதவீத வருகைப்பதிவு என்று பரீட்சை நேரத்தில் நிறுத்திவிடுவீர்களா? தவறிப்போன இன்டர்னல் டெஸ்டை மறுபடி வைப்பீர்களா? முதல் கேள்விக்கு "அபசகுனமா பேசாதீங்க சார்" என்று பதில் சொன்ன கல்லூரிகளை அங்கேயே அடித்துவிட்டேன்.

சொந்தபந்தங்களும் சும்மா இருக்கவில்லை. "பந்து தட்டுனா சோறு போடுமா?" என்றார் ஒரு பெரியப்பா. மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு என்றேன், அசையவில்லை. தேசிய அளவில் மகளிர் வாலிபாலில் கேரளத்தோடு மல்லுக்கு நிற்பது ரயில்வே அணிதான், ஆடுகிறவர்கள் எல்லாம் ரயில்வே ஊழியர்கள் என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப தீபாவளிக்கு டிக்கெட் கன்ஃபர்ம் ஆயிடுமா?"

உண்மையான சிக்கல் எனக்குப் பிடிபட்டதே பாதி ஊர் சுற்றிய பிறகுதான். கல்லூரியில் சீட் ஆயிரம் இருக்கலாம். லிபரோ சீட் ஒன்றுதான். அதில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். கூட்ட பஸ்ஸில் ஏறியவன் உட்கார்ந்திருப்பவர்களிடம் "நீங்க எங்க இறங்குறீங்க?" என்று கேட்பதுபோல, ஊரார் பெண்கள் எப்போது படிப்பு முடிப்பார்கள் என்று நான் விசாரிக்க ஆரம்பித்தேன். நாக் கமிட்டி எத்தனை பிளஸ் போட்டிருந்தால் நமக்கென்ன? இருக்கிற லிபரோ மூன்றாம் வருஷம் என்றால், அதுதான் நல்ல கல்லூரி.

ஒரு மகளிர் கல்லூரியில் அப்படி அமைந்தது. மூன்றாம் வருஷம். ஆட்டமோ பிரமாதம், அந்தப் பெண் விட்ட பந்து என்று ஒன்றை நான் பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் அருகில் போய், "முடிச்சதும் என்னம்மா பண்ணப்போற?" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

"இங்கேயே எம்.ஏ. சேரச் சொல்லிட்டாங்க அங்கிள். ஃபீஸ் கிடையாது."

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் 25 வயது வரை ஆடலாம். நல்ல லிபரோவை எந்தக் கல்லூரி விடும்? அந்தப் பெண்ணுக்கு உடனே ரயில்வேயில் வேலை கிடைக்க வேண்டும் என்று அன்று மனமார வேண்டிக்கொண்டேன். முழுக்கப் பொதுநலம் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த ஊர் பட்டியலை எடுத்தபோது, இத்தனை நாளும் முட்டியில் கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு பேசாமல் கூட வந்தவள் வாயைத் திறந்தாள். "இங்கயே சேர்றேன் மாமா."

"இவ இன்னும் ரெண்டு வருஷம் போக மாட்டா பாப்பா!"

"அதனாலதான். இந்த அக்காகிட்ட கத்துக்கிட்டாத்தான் உண்டு. அதோட, ஒரு டீம்ல ரெண்டு லிபரோ வச்சுக்கலாம். ரூல் இருக்கு."

ரூல் இருந்தது. அந்தக் கல்லூரியிலேயே பி.காம். சேர்ந்தாள். முதல் வருஷம் பெரும்பாலும் பெஞ்ச்தான். மெஸ்ஸில் முட்டை உண்டு என்று தகவல் வந்தது.

இப்போது மூன்றாம் வருஷம். ஆட்டமெல்லாம் அவள்தான். போன வாரம் தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். ரொம்ப மரியாதையான குரல். "சார், நீங்க லிபரோ ஆடுற பொண்ணோட மாமாதானே? பாப்பா நல்லா ஆடுது சார். டிகிரி முடிச்சதும் என்ன செய்யறதா உத்தேசம்?" பின்னால் ஏதோ ஒரு மைதானத்தின் விசில் சத்தம் கேட்டது.

"எம்.காம்." என்றேன். "அங்கேயேதான்."