அப்பத்தாவும் மொரார்ஜி தேசாயும்

இந்தியாவுக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தது எங்கள் அப்பா. 1947 ஆடிக் கடைசியில் பிறந்தவர் போட்ட கூப்பாட்டைத் தாங்க முடியாமல்தான் வெள்ளைக்காரன் கப்பலேறினான். மானாமதுரைப் பக்கம் எங்கள் ஊரில், நெல் அவித்துக்கொண்டே அப்பத்தா சொன்ன வரலாறு இது. “அப்ப காந்தி?” என்று கேட்டால், “அவரும் பாடுபட்டாருடா, இல்லேங்கல” என்று பெருந்தன்மையாக ஒப்புக்கொள்வாள்.

அப்பத்தாவிடம் வருசக் கணக்கே கிடையாது. செவலை செத்த வருசம், சின்னவ சமைஞ்ச வருசம், அவ்வளவுதான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது அவள் கணக்கில் ‘வைக்கப்படப்பு சரிஞ்ச வருசம்’. ரயிலே கடலோடு போயிருச்சே ஆத்தா என்று அப்பா எடுத்துக்கொடுத்தால், “அதுவுந்தான்” என்பாள்.

அவளை முதலில் சீண்டிய சர்க்கார் காரியம் காசு. அதுவரை ரூபாய்க்கு 16 அணா. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆக்கிவிட்டார்கள். நூறைப் பதினாறுக்குப் பங்கு வைத்தால் ஓரணாவுக்கு ஆறேகால் பைசா வரும். கால் பைசாவுக்கு எவன் நாணயம் அடிப்பான்? ஓரணாவுக்கு 6, ரெண்டணாவுக்கு 12, மூணணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று ஒரு பட்டியல் போட்டார்கள். படித்தவர்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். கைநாட்டான அப்பத்தா அதில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்தாள்.

நாலணாப் புளியை ஒரே தடவையில் வாங்கினால் 25 பைசா. ஓரணா ஓரணாவாக நாலு தடவை வாங்கினால் 24. மிச்சம் ஒரு பைசா!

அந்த ஒரு பைசாவுக்காக, நாட்டுக்கே சுதந்திரம் வாங்கிக் கொடுத்த எங்கள் அப்பா, பத்து வயசில், மூலைக் கடைக்கு நாலு நடை நடந்தார். மூன்றாவது நடையில் கடைக்காரர், “உங்க ஆத்தாளுக்கு வேற சோலியே இல்லையாடா?” என்றாராம். சோலி இருந்தது. நாலு பொட்டலத்தையும் பிரித்து, காகிதத்தை நீவி மடித்து, சணலை முடிச்சில்லாமல் அவிழ்த்து, விளக்குமாற்றுக் குச்சியில் சுற்றி வைப்பாள். ஒரே பொட்டலமாக வாங்கியிருந்தால் ஒரு முழச் சணல். இப்போது நாலு முழம். சர்க்காரிடம் ஒரு பைசா, கடைக்காரரிடம் மூணு முழம் சணல் என்று இரண்டு பக்கமும் ஜெயித்தாள். ஆனால் மூணணாவுக்கு மட்டும் எதையும் வாங்க விடமாட்டாள். கால் பைசா நமக்கு நட்டமாம். அணா செத்து முப்பது வருசம் கழித்துக்கூட, நான் கடைக்குக் கிளம்பும்போது, “மூணணாவுக்கு வாங்கிட்டு வந்துறாத” என்று வாசல் வரை வந்து சொன்னவள்.

காசு கலைத்தவர்களை மன்னித்துவிட்டாள். மொரார்ஜி தேசாயை மன்னிக்கவில்லை.

காரணம் அவளுடைய தண்டட்டி. காது தோளைத் தொட்டுத் தொங்கும். கோபத்தில் தலையை ஆட்டினால் இரண்டும் கன்னத்தில் மாறி மாறி மோதும். சீனாக்காரன் சண்டையில் தங்கம் கொடுங்கள் என்று சர்க்கார் கேட்டபோதே அவளுக்குச் சந்தேகம். 1963-ல், நிதியமைச்சராக இருந்த மொரார்ஜி, 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்றார். புதுசாகச் செய்யக்கூடாது என்பதுதான் சட்டம், போட்டிருப்பதைக் கழற்று என்று யாரும் சொல்லவில்லை. இந்த நுணுக்கமெல்லாம் டீக்கடையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் உதிர்ந்துவிட்டது. தண்டட்டி நெல் குதிருக்குள் போனது. நல்லது கெட்டதுக்கெல்லாம் மொட்டைக் காதோடு போய் நின்று, கேட்டவர்களிடம், “தில்லிக்காரன் கேக்குறான்ல” என்றாள்.

1977-ல் அதே மனிதர் பிரதமராகி வந்தார். வெளியே வந்திருந்த தண்டட்டி மறுபடி குதிருக்குள். மறுவருசம் ஜனவரியில் ஆயிரம், ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். அப்பத்தா ஆயிரம் ரூபாய் நோட்டைக் கண்ணால் கண்டதில்லை. அப்படியும் குதிருக்குள் கையைவிட்டுத் துழாவிப் பார்த்துக்கொண்டாள்.

(அவள் காலமான பிறகு ஆசாரி உருக்கிப் பார்த்தார். தண்டட்டியில் முக்காலே மூணு வீசம் அரக்கு. மொரார்ஜி பறித்துக்கொண்டு போயிருந்தாலும் தேசத்துக்குப் பெரிதாக ஒன்றும் தேறியிருக்காது.)

பிறகு ஸ்கைலாப் வந்தது. அமெரிக்காக்காரன் மேலே விட்ட 77 டன் விண்வெளிக் கூடம் கீழே விழப்போகிறது, எங்கே என்று அவனுக்கே தெரியாது. அப்பத்தாவுக்குத் தெரியும்: எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டத்தில். 1979 ஜூலை 11, புதன்கிழமை. ஊரே சாகப்போகிறது என்று முடிவான பிறகு கடனுக்குப் பயப்படுவானேன்? பக்கத்து வீட்டில் ஐந்து ரூபாய் கைமாற்று வாங்கினாள். அடுத்து அவள் கண் சேவலின் மேல் விழுந்தது.

அது சாதாரணச் சேவல் இல்லை. முந்தின வருசம் நான் கிணற்றில் விழுந்து பிழைத்ததற்காகக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்டது. ஆடி பிறக்க இன்னும் ஆறே நாள். “உலகமே போறப்ப கருப்பன் மட்டும் இருந்து என்ன செய்யப் போறான்?” என்று கேட்டுவிட்டு அறுத்துவிட்டாள். மிளகைக் கை நிறைய அள்ளிப் போட்டாள். மிச்சம் பிடித்து யாருக்கு வைக்க? அப்படி ஒரு குழம்பை அவள் அதற்கு முன்னும் வைத்ததில்லை, பின்னும் வைத்ததில்லை. ஈரலை எனக்குக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு எல்லாரும் வாசலில் பாய் போட்டு, வானத்தைப் பார்த்தபடி சாவதற்குப் படுத்தோம்.

நம் நேரத்துக்கு ராத்திரி பத்து மணி சுமாருக்கு அது இந்துமகா சமுத்திரத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் போய் விழுந்தது. காலையில் பால்காரர் வந்து எழுப்பினார். ஐந்து ரூபாய் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரியும் பின்னாலேயே வந்தாள்.

அப்பத்தா கொஞ்சம் நாணித்தான் போனாள். ஆனால் நாலே நாளில், ஜூலை 15-ல், மொரார்ஜி ராஜினாமா செய்துவிட்டார். “ஆஸ்திரேலியாவாம்ல ஆஸ்திரேலியா! அந்த ஆளு தலையிலதாண்டா விழுந்திருக்கு” என்று சொல்லிக் குதிருக்குள்ளிருந்து தண்டட்டியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அந்த ஆடியில் கருப்பசாமி கோயில் திண்ணையில் சூடம் ஏற்றி நின்றவளை நான் பார்த்தேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “சேவல் வேணுமின்னா மொரார்ஜிகிட்டக் கேட்டு வாங்கிக்க” என்றாள். ஒவ்வொரு ஆடிக்கும் இதே வாய்தாதான். மொரார்ஜியோ சுத்த சைவம்.

ஸ்கைலாப் துண்டுகள் விழுந்த எஸ்பரன்ஸ் ஊர்க்காரர்கள், குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டார்கள். நாசா கட்டவில்லை. 2009-ல் அமெரிக்க வானொலிக்காரர் ஒருவர் நேயர்களிடம் வசூல் செய்து அதைக் கட்டி முடித்தார். எங்கள் கருப்பசாமிக்கு அந்தச் சேவல் இன்னும் பாக்கி.