டெர்ரி நகரின் வடிகால் வாய்: ஒரு நிர்வாகவியல் முன்னாய்வு

ஸ்டீபன் கிங்கின் ‘இட்’ நாவலை வைத்து ஆன்டி முஸ்கியெட்டி எடுத்து 2017-இல் வெளிவந்த படத்தைப் பற்றி எழுதியவர்களெல்லாம் கோமாளியையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். இவ்வாய்வாளன் படத்தை மூன்று முறை, அதில் இரண்டு முறை விளக்கைப் போட்டுக்கொண்டு, பார்த்துக் கண்ட முடிவு வேறு. இது பேய்ப்படமே அல்ல, நகராட்சிப் படம்.

முதன்மைச் சான்று தொடக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. 1988 அக்டோபர், மெய்ன் மாநிலத்தின் டெர்ரி என்னும் சிறுநகரம், அடைமழை. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஜார்ஜி, அண்ணன் மெழுகு பூசிக் கொடுத்த காகிதக் கப்பலைத் துரத்தி ஓடுகிறான். குறுக்கே வைத்திருந்த சாலைத் தடுப்பில் நெற்றி இடித்து விழுகிறான். (நாவலில் அந்தத் தடுப்பின் மேல் ஊரின் பொதுப்பணித் துறை பெயரே எழுதியிருக்கிறது.) பையனின் நெற்றிக்கு நேராகக் கட்டை வைக்கத் தெரிந்தவர்களுக்கு, வாயைப் பிளந்து கிடந்த மழைநீர் வடிகாலுக்கு இரண்டு கம்பி வைக்கத் தெரியவில்லை. கப்பல் உள்ளே போகிறது, கோமாளி வேடத்துப் பேயான பென்னிவைஸ் எட்டிப் பார்க்கிறான், பையனும் உள்ளே போகிறான், மற்றது தெரிந்ததே.

நினைத்த உருவம் எடுக்கும் பேயைக் கம்பியா தடுக்கும் என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வியே பிழை. பேய்க்கு ஆயிரம் உருவம், பையனுக்கு ஒன்றுதான். கம்பி பேய் வெளியே வராமலிருக்க அல்ல, பையன் உள்ளே போகாமலிருக்க.

குடியிருப்பு விஷயத்திலும் இந்தப் பேய் விவரமானது. நம்மூர்ப் பேய்கள் புளியமரத்தை நம்பிக் கெட்டன. மரத்தை வெட்டினால் வீடு போச்சு. குழாய்க்குள் குடியேறியதற்கோ ஊரெங்கும் கிளை. பேயைத் தேடும் ஏழு பிள்ளைகளில் ஒருத்தியான பெவர்லியின் வீட்டுக் குளியலறை வாஷ்பேசின் ஓட்டையிலிருந்து ரத்தம் கூரைவரை பீறிடுகிறது. அப்பா வந்து பார்க்கிறார். அவர் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. கடைசியில் அவள் நண்பர்களான நான்கு பையன்கள் துணியும் வாளியுமாக வந்து சுவரைத் தேய்க்கிறார்கள். இன்னொருவன் வாசலில் காவல். ஊரில் உருப்படியாக நடந்த ஒரே துப்புரவுப் பணி அதுதான்.

பெரியவர்களின் பார்வைக் கோளாறுக்கு வேறு சான்றும் உண்டு. அந்த ஏழு பேரில் ஒருவனான பென்னைப் போக்கிரிப் பையன்கள் பாலத்தில் சாய்த்து அடிக்கும்போது ஒரு கார் கடந்துபோகிறது. உள்ளே இருக்கும் தம்பதி பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். பின்சீட்டில் மட்டும் ஒரு சிவப்புப் பலூன் எழும்புகிறது.

ஆனால் இவ்வாய்வாளனைத் தூங்கவிடாமல் செய்த காட்சி ஜார்ஜியின் அண்ணன் பில்லின் வீட்டு கேரேஜில் நடக்கிறது. பில் ஏற்கெனவே அப்பாவின் அலுவலக வரைபடத்தை எடுத்துவந்து, வெள்ளெலிக் கூண்டுக் குழாய்களை அதன்படி கோத்து, தண்ணீர் ஊற்றி, தம்பி எங்கே போய் ஒதுங்கியிருப்பான் என்று பார்த்தவன். இப்போது ஊரின் பழைய வரைபடத்தையும் சாக்கடை வரைபடத்தையும் படவீழ்த்தியின் உதவியால் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டுகிறான். எல்லாக் குழாய்களும் நீபோல்ட் தெரு 29-ஆம் எண் வீட்டுக் கிணற்றில் போய்ச் சேருகின்றன! பொறியியல் நோக்கில் இது பேயைவிட பயங்கரம். வரைபடம் ஓர் அலுவலகத்தில் கிடந்தது. 27 ஆண்டுக்கு ஒருமுறை ஊரில் விபரீதம் நடக்கும் கணக்கு நூலகத்தில் கிடந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பள்ளி விடுமுறையில் இருந்த ஏழு பிள்ளைகள் வேண்டியிருந்தது.

27 ஆண்டு என்பதைப் பேயின் பசிக்கு இடைவெளி என்பார்கள். இவ்வாய்வாளனுக்கு அது ஒரு கோப்பு மேசை விட்டு மேசை நகரும் காலமாகவே படுகிறது. இதே நாவல் தொலைக்காட்சித் தொடராக வந்தது 1990-இல். திரைக்கு வந்தது 2017-இல். கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நகராட்சி படம்பிடிப்பிலும் தப்பித்துக்கொண்டது: அதன் ஒரு பகுதி கனடாவின் ஆன்டாரியோ மாகாணத்து போர்ட் ஹோப்பில் நடந்தது. அவ்வூர் நகராட்சிக் கட்டடம் டெர்ரி நூலகமாக வேடம் போட்டுக்கொண்டு நழுவிவிட்டது.

இறுதியில் பிள்ளைகள் அந்தக் கிணற்றில் இறங்கி அடித்த அடியில், பென்னிவைஸ் அடியிலிருந்த இன்னொரு குழிக்குள் விழுந்து மறைகிறான். மேலே வந்த ஏழு பேரும் உள்ளங்கையைக் கீறி, அது திரும்பி வந்தால் நாமும் வருவோம் என்று சத்தியம் செய்கிறார்கள். குழிக்கு ஒரு மூடி போடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. 2019-இல் இரண்டாம் பாகம் வந்தது.