பதினெட்டு உருப்படி மாட்டு, ஓடு!

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் வாரச் சம்பளம். ஆசாரமான யூதர்களோ அன்றைக்குக் காசைத் தொடவே கூடாது. வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி இரவு மூன்று நட்சத்திரம் தெரியும்வரை ஓய்வு. கி.பி. 200 வாக்கில் தொகுத்த மிஷ்னா என்ற யூதச் சட்டத் தொகுப்பு, அன்று தொடக்கூடாத 39 வேலைகளை அடுக்குகிறது. படித்தால் ஏதோ கம்பெனியின் ஜாப் ஒர்க் பட்டியல் மாதிரி இருக்கும். வெளுப்பது, சாயம் போடுவது, நூற்பது, பாவு ஓட்டுவது, நெய்வது, இரண்டு தையல் போடுவது என்று 13 வேலை துணி சம்பந்தப்பட்டது. கடைசியாக டெலிவரி: வீட்டுக்குள்ளிருந்து தெருவுக்கு எதையும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

ஆனால் இந்தப் பட்டியலுக்கு முன்பிருந்தே, ஓய்வு என்று சொன்னால் யார் கேட்டார்கள்? கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எருசலேமில் கவர்னராக இருந்த நெகேமியா, ஓய்வு நாளில் மூட்டை வராதபடி கோட்டைக் கதவையே சாத்தினார். வியாபாரிகள் சரக்கோடு மதிலுக்கு வெளியே படுத்துக்கொண்டார்கள். இனி படுத்தால் கை வைப்பேன் என்று மிரட்டிய பிறகுதான் கிளம்பினார்கள்.

பின்னால் வந்த ரப்பிகள், அதாவது யூத மத குருக்கள், மிரட்டவில்லை, கணக்குப் போட்டார்கள். உடுத்தியிருப்பது சுமை அல்ல; ஆகவே வீடு தீப்பிடித்தால் துணியைத் தூக்காதே, மாட்டிக்கொண்டு ஓடு. ரப்பி யோசே 18 உருப்படியோடு நிறுத்தச் சொன்னார். ரப்பி மெயிர் தாராளப் பிரபு: வெளியே வந்து கழற்றிப் போடு, மறுபடி உள்ளே போய் மாட்டு, நாள் முழுக்கச் செய். அவர் சட்டப்படி நாலு ஹெல்பர் இருந்தால் குடோனே காலி.

மாட்டையும் விடவில்லை; அதன் மேலும் சுமை கூடாது. ரப்பி எலாசர் பென் அசரியாவின் பசு, கொம்புக்கு நடுவே வாரோடு தெருவில் போனது என்று பெரிய பஞ்சாயத்து. விசாரித்தால் அது பக்கத்து வீட்டு மாடு. இவர் தடுக்கவில்லையாம், அதனால் பழி இவர் தலையில்!

நடைக்கும் அளவு உண்டு: ஊருக்கு வெளியே 2,000 முழம். முந்தின நாளே அந்த எல்லையில் இரண்டு வேளைச் சாப்பாடு வைத்துவிட்டால் அதுதான் வீடு, அங்கிருந்து இன்னொரு 2,000 முழம் போகலாம். எதிர்ப்பக்கம் அவ்வளவும் கழிந்துவிடும். சும்மா யாரும் தரவில்லை.

சுமைக்கும் வழி கண்டார்கள். கம்பம் நட்டு மேலே நூல் இழுத்தால் அது வாசல். வாசலை வரிசையாக வைத்தால் சுவர். பொதுவில் ரொட்டி வைத்தால் சுவருக்குள் எல்லாரும் ஒரே வீடு; குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கலாம். இதுதான் எரூவ். நியூயார்க்கின் மன்ஹாட்டனில் இன்றும் மீன்பிடி நரம்பு கட்டி வைத்திருக்கிறார்கள்.

நமக்கு இது புதிதா? கொங்கு ஊர்களில் மாரியம்மனுக்குக் கம்பம் நட்டுக் காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது. பெரியவர்களும் பிழைப்பைப் பார்த்துத்தான் சட்டம் போட்டார்கள்: பகலில் எங்கே வேண்டுமானாலும் போ, படுக்க ஊருக்கு வந்துவிடு.

இதெல்லாம் சாமியை ஏமாற்றுகிற வேலை என்பார்கள். ஏமாற்றுகிறவன் விதியை மறந்துவிட்டுத் தூங்கப் போயிருப்பான். மன்ஹாட்டன்காரர்கள் வாரா வாரம் நரம்பு அறுந்திருக்கிறதா என்று ஊரையே சுற்றி வருகிறார்கள். நம்மூர் எந்தக் கம்பெனியிலும் இவ்வளவு கறாரான செக்கிங் கிடையாது.